'சவுண்ட் ஹாரன்' என்பதில் வினைச்சொல் எது?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள். வீட்டில் ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கிற பிள்ளை இருந்தால் அதையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னை, பெங்களூரு, சேலம் என எந்தப் பக்கம் போகிற லாரியும் கிருஷ்ணகிரியைத் தொட்டுத்தான் போகிறது. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை போகும் 44-ம் எண் நெடுஞ்சாலை நம் மாவட்டத்தின் நடுவில் ஓடுகிறது. அந்த லாரிகளின் பின்னால் என்ன எழுதியிருக்கும்? 'சவுண்ட் ஹாரன்'. பார்க்காத பிள்ளை கிடையாது.

பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளிடம் இதைப் பல தடவை கேட்டிருக்கிறேன். "இதில் வினைச்சொல் எதுப்பா?" பெரும்பாலும் வருகிற பதில் ஒன்றுதான். "வினைச்சொல்லே இல்லை சார். சவுண்ட்னா சத்தம். ஹாரன்னா ஹாரன். ரெண்டும் பெயர்ச்சொல்."

அப்படியானால் 'சத்த ஹாரன்' என்று லாரிக்காரர் எதற்காக மெனக்கெட்டு எழுதி வைக்கிறார்? அங்கே 'சவுண்ட்' என்பதுதான் வினைச்சொல். 'ஹாரனை ஒலிக்கச் செய், பிறகு முந்து' என்று பின்னால் வருகிறவருக்குச் சொல்கிறார். அதே 'சவுண்ட்' 'சவுண்ட் ஸ்லீப்' என்று வந்தால் 'ஆழ்ந்த' தூக்கம். அங்கே அது பெயரடை. திருவிழாவில் 'சவுண்டைக் குறை' என்று சொன்னால் பெயர்ச்சொல். எழுத்து மாறவில்லை, உச்சரிப்பு மாறவில்லை. செய்கிற வேலை மட்டும் மாறிவிட்டது.

நான் சொல்ல வருவது இதுதான். இங்கிலீஷ் சொல்லுக்குப் பிறப்பிலேயே 'இது பெயர்ச்சொல், இது வினைச்சொல்' என்று முத்திரை குத்தி அனுப்புவதில்லை. வாக்கியத்தில் என்ன வேலை பார்க்கிறதோ அதுதான் அதன் வகை. நம் பள்ளிகளிலும் வீடுகளிலும் ஒரு சொல்லுக்கு ஒரு அர்த்தம் என்று மனப்பாடம் செய்ய வைக்கிறோம். அதனால் பிள்ளைக்கு ஆயிரம் சொல் தெரிந்தும் ஒரு பலகையைப் படிக்கத் தெரிவதில்லை. இது மதிப்பெண்ணோடு முடிகிற விஷயம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

2004-ல் தர்மபுரியிலிருந்து பிரிந்த மாவட்டம் நம்முடையது. எங்கள் கல்லாவி, ஊத்தங்கரைப் பக்கத்துப் பிள்ளைகள் முன்பெல்லாம் பிழைப்பு தேடி பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போவார்கள். இப்போது பர்கூர், போச்சம்பள்ளி சிப்காட்டுக்கும் ஓசூருக்கும் போகிறார்கள். விடிகாலையில் கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. பிளஸ் டூ முடித்த பெண் பிள்ளைகளும் ஐ.டி.ஐ. முடித்த பையன்களும் ஏறிப் போகிறார்கள். அவர்கள் அங்கே முதலில் சந்திக்கிற ஆங்கிலம் கதையோ கவிதையோ இல்லை. மெஷின் மேல் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர். அந்த மெஷின் ஜெர்மனியிலோ ஜப்பானிலோ சீனாவிலோ செய்தது. ஸ்டிக்கரில் நாலைந்து இங்கிலீஷ் சொற்கள்தான் இருக்கும். அந்த நாலைந்து சொற்கள்தான் விரலைக் காப்பாற்றுகின்றன.

என்னிடம் படித்த ஒரு பையன் பிரஸ் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் லீவில் வந்தபோது, செல்போனில் ஒரு படத்தைக் காட்டினான். மெஷின் மேல் இருந்த ஸ்டிக்கர். 'டு நாட் ஆபரேட் வித்தவுட் கார்டு'. "சார், கார்டுன்னா வாட்ச்மேன்தானே? வாட்ச்மேன் பக்கத்துல நின்னாத்தான் மெஷினை ஓட்டணுமா?" என்று கேட்டான். சிரிக்கத் தோன்றும். ஆனால் அவன் கேட்டதில் தப்பே இல்லை. 'கார்டு என்றால் காவலாளி' என்று புத்தகத்தின் கடைசிப் பக்கத்துச் சொற்பட்டியல் அவனுக்குச் சொல்லியிருக்கிறது. மெஷினில் 'கார்டு' என்பது கை உள்ளே போகாமல் தடுக்கிற மூடி அல்லது கம்பி வலை. 'கார்டு யுவர் ஐஸ்' என்று எழுதியிருந்தால் அதே சொல் வினைச்சொல். 'கண்ணைக் காத்துக்கொள்' என்று பொருள். காப்பது என்ற ஒரே கருத்து ஆளாகவும், மூடியாகவும், செயலாகவும் வருகிறது. அதை யாரும் அவனுக்குச் சேர்த்துச் சொல்லவில்லை.

நல்ல வேளை, அவன் கேட்டான். கேட்கக் கூச்சப்படுகிற பிள்ளைகள் எத்தனை பேர்?

கம்பெனியில் புழங்குகிற சொற்களை வரிசையாகப் பாருங்கள். 'பிரஸ்' என்பது மெஷின், அழுத்து என்பதும் அதுவே. 'ஷிப்ட்' என்றால் காலை ஷிப்ட், நைட் ஷிப்ட். 'ஷிப்ட் த பாக்ஸ்' என்றால் பெட்டியை நகர்த்து. 'ஃபீட்' நம் ஊரில் மாட்டுத் தீவனம். லேத்தில் அது வெட்டும் கருவி நகர்கிற வேகம். 'ஃபீட் த ஷீட்' என்றால் தகட்டை உள்ளே செலுத்து. 'எம்ப்டி' என்றால் காலியான, 'எம்ப்டி த பின்' என்றால் தொட்டியைக் காலி செய். 'வாட்ச்' கைக்கடிகாரம். ஓசூரில் செய்து உலகத்துக்கே அனுப்புகிறார்கள். ஆனால் படிக்கட்டுக்குப் பக்கத்தில் 'வாட்ச் யுவர் ஸ்டெப்' என்று இருந்தால் 'காலைப் பார்த்து வை' என்று அர்த்தம். 'டவுன்' கீழே. தொழிற்சங்கக்காரர்கள் 'டூல் டவுன்' என்றால் கருவியைக் கீழே வைத்து வேலையை நிறுத்துவது. 'ஃபயர்' தீ. அதே சொல் மேனேஜர் வாயில் வினைச்சொல்லாக வந்தால் வேலை போய்விட்டது என்று பொருள்!

கம்பெனிக்குப் போகாதவர்களுக்கும் இது உண்டு. பிள்ளைக்கு வாங்குகிற இருமல் மருந்து பாட்டிலில் 'ஷேக் வெல் பிஃபோர் யூஸ்' என்று இருக்கும். எங்கள் பக்கத்தில் 'வெல்' என்றால் எல்லாப் பிள்ளைக்கும் கிணறுதான் ஞாபகம் வரும். இங்கே அது 'நன்றாக'. 'யூஸ்' என்பது இங்கே 'உபயோகப்படுத்து' இல்லை, 'உபயோகம்' என்ற பெயர்ச்சொல். மாத்திரை அட்டையில் 'ஸ்டோர் இன் எ கூல் டிரை பிளேஸ்' என்று இருக்கும். 'ஸ்டோர்' என்றால் கடை என்று மட்டும் படித்த பிள்ளைக்கு அந்த வரி 'ஏதோ கடையின் முகவரி' போலத் தெரியும். மாந்தோப்புக்கு அடிக்கிற மருந்து டப்பாவில் 'கீப் அவுட் ஆஃப் ரீச் ஆஃப் சில்ட்ரன்' என்று போட்டிருப்பான். 'ரீச்' என்றால் 'போய்ச் சேர்' என்று படித்திருப்பான் பிள்ளை. இங்கே அது 'கைக்கு எட்டும் தூரம்' என்ற பெயர்ச்சொல். இதைத் தப்பாகப் படித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மாம்பழம் என்றதும் இன்னொன்று. மாங்கூழ் தொழிற்சாலைகள் நம் மாவட்டத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவை. சமையல் குறிப்பிலோ கம்பெனிக் குறிப்பிலோ 'ஸ்டோன் த மேங்கோஸ்' என்று வந்தால், மாங்காய் மேல் கல்லெறி என்று அர்த்தம் இல்லை. உள்ளே இருக்கிற கொட்டையை எடு என்று அர்த்தம். 'டஸ்ட் த டேபிள்' என்றால் தூசியைத் துடை. 'டஸ்ட் த கேக் வித் சுகர்' என்றால் பொடியைத் தூவு. ஒரே சொல், ஒன்றில் எடுக்கிறோம், இன்னொன்றில் போடுகிறோம். இதையெல்லாம் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய முடியாது. பார்க்கிற பழக்கம்தான் வர வேண்டும்.

பிள்ளைகளுக்கு நான் சொல்கிற உதாரணம் இது. ஒரு கம்பெனியில் ஒரே ஆள் காலையில் லேத்தில் நிற்கிறார், மதியம் பேக்கிங்கில் நிற்கிறார், ஆள் குறைந்தால் ஸ்டோர் ரூமிலும் நிற்கிறார். சட்டை அதே, பேட்ஜ் அதே. அவர் இப்போது என்ன வேலை பார்க்கிறார் என்று பேட்ஜைப் பார்த்துச் சொல்ல முடியுமா? எங்கே நிற்கிறார் என்று பார்த்தால்தான் தெரியும். இங்கிலீஷ் சொல்லும் அப்படித்தான்.

தமிழ் அப்படி இல்லை. தமிழில் சொல்லுக்கு வால் உண்டு. 'நாய் மனிதனைக் கடித்தது' என்றாலும் 'மனிதனை நாய் கடித்தது' என்றாலும் கடி வாங்கியவன் மனிதன்தான். 'ஐ' என்ற உருபு அவனோடு ஒட்டிக்கொண்டே போகிறது. இங்கிலீஷில் இரண்டு சொல்லை இடம் மாற்றினால் மனிதன் நாயைக் கடித்துவிடுவான். தமிழில் வால் செய்கிற வேலையை அங்கே இடம் செய்கிறது. இந்த ஒரு வித்தியாசத்தை ஆறாம் வகுப்பிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டால் பாதிப் பாரம் குறையும்.

இங்கிலீஷுக்கும் ஒரு காலத்தில் வால் இருந்தது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் அன்பு என்ற பெயர்ச்சொல் 'லுஃபு', அன்பு செய் என்ற வினைச்சொல் 'லுஃபியன்'. ஈற்றைப் பார்த்தே வகை சொல்லிவிடலாம். பிறகு அந்த ஈறுகள் பேச்சில் தேய்ந்தன. 1066-ல் பிரெஞ்சு பேசுகிற நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பல நூறு வருடம் ஆங்கிலம் அரசவையிலும் சட்டத்திலும் இல்லாமல் மக்கள் வாயில் மட்டும் புழங்கியது. தேய்மானம் இன்னும் வேகமாகியது. கடைசியில் இரண்டும் 'லவ்' என்ற ஒரே சொல்லாக வந்து நின்றன. வால் போனதால் சொல்லுக்குச் சுதந்திரம் வந்தது. பெயர்ச்சொல்லை அப்படியே தூக்கி வினையின் இடத்தில் வைத்தால் வினையாகிவிடும். இன்றைக்கும் அது நடக்கிறது. 'கூகுள்' என்பது ஒரு கம்பெனியின் பெயர். 2006-ல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி அதை வினைச்சொல்லாகவே சேர்த்துக்கொண்டது.

"இதெல்லாம் நம் பிள்ளைகளுக்குப் புரியுமா?" என்று கேட்பீர்கள். புரியும். ஏனென்றால் தமிழிலேயே இதற்கு ஒரு வாசல் இருக்கிறது. 'கடைக்குப் போய் ஒரு பூட்டு வாங்கி வா.' 'கதவைப் பூட்டு.' முதலாவது பெயர், இரண்டாவது வினை. 'லாக்' என்ற இங்கிலீஷ் சொல் அச்சு அசலாக அதே. 'ஒரு கட்டு கீரை', 'மாட்டைக் கட்டு'. 'அவனுக்கு அடி விழுந்தது', 'பந்தை அடி'. தமிழாசிரியர் இதை முதனிலைத் தொழிற்பெயர் என்று ஏற்கெனவே நடத்தியிருக்கிறார். அந்தப் பாடம் முடிந்து மணி அடித்ததும் இங்கிலீஷ் ஆசிரியர் உள்ளே வருகிறார். இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள் என்று பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை.

ஒரு எச்சரிக்கை. 'ஆடு' என்றால் மேய்கிற ஆடு, 'ஆடு' என்றால் நடனம் ஆடு. இது தற்செயலான ஒற்றுமை, கருத்தில் சம்பந்தம் இல்லை. 'பூட்டு' அப்படியில்லை, கருத்து ஒன்று. இங்கிலீஷிலும் இந்த இரண்டு வகையும் உண்டு. கிணறு என்கிற 'வெல்'லும் நன்றாக என்கிற 'வெல்'லும் வேறு வேறு வேரில் வந்தவை. 'டிரெயின்' வேறு கதை. ரயிலும் 'டிரெயின்', பயிற்சி கொடுப்பதும் 'டிரெயின்'. சம்பந்தமே இல்லை போலத் தோன்றும். இரண்டுக்கும் வேர் இழுத்தல் என்ற பொருள் கொண்ட பழைய பிரெஞ்சுச் சொல். என்ஜின் பின்னால் இழுபட்டு வருகிற பெட்டிகளின் வரிசை ரயில் ஆனது. ஒரு பிள்ளையை ஒரு வழியில் இழுத்துக்கொண்டு போவது பயிற்சி ஆனது. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் வாங்கியவன் என்ற முறையில் எனக்கு இது மிகவும் பிடித்த சொல். சாமல்பட்டி ரயில் நிலையத்தைக் கடக்கும்போதெல்லாம் ஞாபகம் வரும்.

சரி, வாசல் இருக்கிறது. பிறகு ஏன் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்? என் அனுபவத்தில் ஒரு பெரிய காரணம் நாம் தினமும் பேசுகிற பேச்சு. இங்கிலீஷ் சொல் எதுவாக இருந்தாலும் அதைப் பெயர்ச்சொல்லாக எடுத்துக்கொண்டு பின்னால் 'பண்ணு' போட்டுவிடுகிறோம். 'லோடு பண்ணு', 'செக் பண்ணு', 'டிரைவ் பண்ணு'. எல்லை ஊர் என்பதால் இங்கே இன்னும் வேடிக்கை. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசுகிறவர்கள் நிறைய. கன்னடத்தில் 'லோடு மாடு'. தெலுங்கில் 'லோடு செய்'. வடக்கிலிருந்து வந்து வேலை செய்கிற தம்பிகள் 'லோடு கரோ' என்பார்கள். கன்னட 'மாடு'வுக்கும் நம் மாட்டுக்கும் சம்பந்தம் இல்லை, 'செய்' என்று பொருள். நாலு மொழிக்காரரும் பேசி வைத்தாற்போல ஒரே தந்திரம் செய்கிறோம். இங்கிலீஷ் சொல்லைப் பெயராக்கி, வினையை நம் வீட்டிலிருந்து கொடுக்கிறோம்.

பேச்சுக்கு இது வசதி. நான் குறை சொல்லவில்லை. ஆனால் இங்கிலீஷ் வாக்கியத்தில் 'பண்ணு' கிடையாது. 'லோட் த டிரக்' என்று இருக்கும்போது பிள்ளையின் மனம் அந்தப் 'பண்ணு'வைத் தேடுகிறது. காணவில்லை. 'லோட்' சுமை, 'டிரக்' லாரி, 'சுமை லாரி' என்று படித்துவிட்டுப் போய்விடுகிறது. 'சவுண்ட் ஹாரன்' கதையும் இதுதான். பிள்ளைக்கு மூளை இல்லாமல் இல்லை. பழக்கம் வேறு பக்கம் இழுக்கிறது.

இதற்கு நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்த மூன்று அடையாளங்களை இங்கேயும் சொல்கிறேன். பெற்றோரும் பயன்படுத்தலாம்.

ஒன்று: சொல்லுக்கு முன்னால் யார் நிற்கிறார் என்று பார். 'அ', 'ஆன்', 'த', 'மை', 'யுவர்', 'திஸ்' நின்றால், பின்னால் ஒரு பெயர்ச்சொல் வரப்போகிறது. 'மை வாட்ச்' என்றால் கடிகாரம். 'கேன்', 'மஸ்ட்', 'வில்', 'டோன்ட்' நின்றால் பின்னால் வினை. 'வில் வாட்ச்' என்றால் பார்ப்பேன். ஒரு முறை இதை நடத்தும்போது ஒரு பையன் எழுந்து, "சார், கேன்னா தண்ணி கேன் இல்லையா?" என்றான். வகுப்பே சிரித்தது. அவன் சொன்னதும் சரி! 'த கேன்' என்றால் தண்ணீர் கேன். 'ஐ கேன்' என்றால் என்னால் முடியும். 'வில்' கூட அப்படித்தான், 'ஹிஸ் வில்' என்றால் அவருடைய உயில். ஆக, அடையாளம் சொல்கிற சொல்லுக்கும் அடையாளம் பார்க்க வேண்டும்.

இரண்டு: சொல்லுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார். 'த' என்பதற்கும் பெயர்ச்சொல்லுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட சொல் அந்தப் பெயரை விவரிக்கிற வேலையைச் செய்கிறது. 'த பேக் டோர்' என்றால் பின்கதவு. 'மை பேக்' என்றால் என் முதுகு. 'கோ பேக்' என்றால் திரும்பிப் போ. 'ஐ வில் பேக் யூ' என்றால் உனக்குத் துணையாக நிற்பேன். பஸ்ஸில் கண்டக்டர் தினமும் சொல்கிற ஒரு சொல்லில் நாலு பாடம் இருக்கிறது.

மூன்று: பலகையிலோ ஸ்டிக்கரிலோ இருக்கிற வரி என்றால், முதல் சொல் கட்டளையாக இருக்குமா என்று முதலில் சோதித்துப் பார். 'மைண்ட் யுவர் ஹெட்' என்றால் மனமும் தலையும் இல்லை, 'தலை இடிக்கும், கவனி'. 'செக்யூர் த லோட்' என்றால் சுமையை இறுக்கிக் கட்டு. எல்லாப் பலகையும் கட்டளை இல்லை. 'ஃபயர் எக்சிட்' கட்டளை இல்லை, தீ விபத்தில் வெளியேறும் வழி. ஆனால் 'ஃபயர் டோர், கீப் ஷட்' என்று இருந்தால் பின் பாதி கட்டளை, 'மூடியே வை'. சோதித்துப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டால் போதும்.

காதுக்கும் ஒரு அடையாளம் உண்டு. 'ரெக்கார்ட்', 'எக்ஸ்போர்ட்', 'பெர்மிட்' போன்ற இரண்டு அசைச் சொற்களில், முன் அசையை அழுத்தினால் பெயர், பின் அசையை அழுத்தினால் வினை. ஜூஜூவாடி செக்போஸ்ட்டில் லாரிக்காரர் காட்டுகிற 'பெர்மிட்'டுக்கு முன்னால் அழுத்தம். 'அனுமதி கொடு' என்கிற 'பெர்மிட்'டுக்குப் பின்னால் அழுத்தம். வருகைப்பதிவில் 'பிரசன்ட் சார்' என்கிற பிள்ளைக்கு, பரிசும் 'பிரசன்ட்' என்று தெரியும். பரிசு வழங்குவது 'பிரிசென்ட்' என்று தெரியாது. நாம் எல்லாவற்றையும் ஒரே தட்டையாகச் சொல்வதால் இந்த அடையாளம் காதிலேயே விழுவதில்லை.

இப்போது எதிர்க்கேள்விகளுக்கு வருகிறேன்.

"சார், இலக்கணம் எல்லாம் பழைய காலம். பேசினால் போதும்" என்று சில இளம் ஆசிரியர்கள் சொல்கிறார்கள். பேச வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஸ்டிக்கர் பேசாது. நாம் கேட்ட கேள்விக்குத் திருப்பி விளக்கம் சொல்லாது. படித்துப் புரிந்துகொள்கிற திறமை தனியாக வேண்டும். மேலும் நான் சொல்வது விதிகளை ஒப்பிக்கிற இலக்கணம் இல்லை. நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகப் புரட்டிய ரென் அண்டு மார்ட்டின் புத்தகம் 1930-களில் எழுதப்பட்டது. ஒரே சொல் வெவ்வேறு வகையாக வருவதற்கு அதிலேயே தனிப் பாடம் உண்டு. எட்டு வகைகளின் விளக்கத்தை ஒப்பிக்க வைப்பதில் காட்டிய அக்கறையை அந்தப் பாடத்தின் மேல் காட்டவில்லை, அவ்வளவுதான். எட்டு என்ற கணக்கும் கிரேக்க, லத்தீன் இலக்கணத்திலிருந்து வந்த வழக்கம். தொல்காப்பியம் பெயர், வினை, இடை, உரி என்று நாலோடு நிறுத்திக்கொண்டது. எண்ணிக்கை முக்கியம் இல்லை. வேலை முக்கியம்.

"செல்போனில் போட்டால் அர்த்தம் வந்துவிடுகிறதே" என்று இன்னொரு கேள்வி. ஒற்றைச் சொல்லைப் போட்டால் போனும் தடுமாறத்தான் செய்யும், அதற்கும் எங்கே நிற்கிற சொல் என்று தெரியாது. முழு வாக்கியத்தைப் போட்டால் பெரும்பாலும் சரியாகச் சொல்லும். போனுக்கே முழு வாக்கியம் தேவைப்படுகிறது. நம் பிள்ளைக்கு மட்டும் ஒற்றைச் சொல் போதுமா? அது மட்டுமில்லை, பல கம்பெனிகளில் மெஷின் பக்கத்தில் போனை எடுக்கவே விடமாட்டார்கள்.

"அப்படியென்றால் எல்லாப் பலகையையும் தமிழில் வைக்கச் சொல்ல வேண்டியதுதானே?" இதுதான் சரியான கேள்வி. நூற்றுக்கு நூறு ஒப்புக்கொள்கிறேன். 1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, அந்தச் சட்டப்படி வைக்கிற அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரிகிற மொழியிலும் இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மறு வருடமே இது தோன்றியிருக்கிறது. ஆனால் வெளிநாட்டு மெஷினோடு ஒட்டி வருகிற ஸ்டிக்கர் பல இடங்களில் இங்கிலீஷிலேயே நின்றுவிடுகிறது. இன்றைக்கு ஒரே வரிசையில் தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி பேசுகிறவர்கள் நிற்கிறார்கள். ஆபத்தைச் சொல்கிற ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் அவர்கள் மொழியில் ஒரு வரியும் ஒரு படமும் ஒட்ட எவ்வளவு செலவாகும்? ஒரு விரலின் விலையை விடக் குறைவுதான். இலக்கணம் தெரியாத குற்றத்துக்கு யாரும் விரலை அபராதமாகக் கட்டக் கூடாது.

ஆனால் அது நடக்கும் வரை பிள்ளையைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. நடந்த பிறகும், அவன் டெக்னீஷியன் ஆக, சூப்பர்வைசர் ஆக, மெஷினோடு வரும் புத்தகத்தைத் தானே படிக்க வேண்டும். இங்கிலீஷ் தெரிந்தவன் சொல்லக் கேட்டு நிற்கிறவனாகவே அவன் இருந்துவிடக் கூடாது. நம் ஊர்ப் பிள்ளைகள் ஆபரேட்டராகவே ரிட்டையர் ஆவதற்கும், வெளியூர்ப் பிள்ளைகள் அவர்களுக்கு மேலே வருவதற்கும் பல காரணங்கள் உண்டு. படித்துப் புரியாததும் அதில் ஒன்று என்று நான் நினைக்கிறேன்.

ஆகவே என் வேண்டுகோள்கள்.

ஆசிரியர் நண்பர்களே, கரும்பலகையில் சொல்லை எழுதி, சமக்குறி போட்டு, ஒரு தமிழ் அர்த்தம் எழுதுவதை விடுங்கள். சொல்லை எழுதினால் கூடவே மூன்று குட்டி வாக்கியம் எழுதுங்கள். 'வாட்டர்' என்று எழுதினால் 'டிரிங்க் வாட்டர்', 'வாட்டர் த பிளான்ட்ஸ்', 'வாட்டர் டேங்க்'. மூன்றுக்கும் தமிழ் அர்த்தத்தைப் பிள்ளைகளே சொல்லட்டும். தண்ணீர், தண்ணீர் ஊற்று, தண்ணீர்த் தொட்டி. ஐந்து நிமிட வேலை. தமிழாசிரியரிடம் பேசி, முதனிலைத் தொழிற்பெயர் நடத்துகிற வாரத்திலேயே இதையும் நடத்துங்கள். வெளியே இருக்கிற பலகைகளை எழுதி வரச் சொல்லி வீட்டுப்பாடம் கொடுங்கள்.

பெற்றோர்களே, விருந்தாளி வந்தால் "ஆப்பிளுக்கு என்ன? வாட்சுக்கு என்ன?" என்று பிள்ளையைக் கேட்காதீர்கள். சோப்பு அட்டை, மருந்து பாட்டில், செட் தோசைக் கடையின் போர்டு, எதுவானாலும் முழு வரியைப் படிக்கச் சொல்லுங்கள். 'செட்' தோசைக்கு முன்னால் ஒரு வேலை செய்கிறது. 'செட் த அலாரம்' என்றால் இன்னொரு வேலை. 1989-ல் வந்த பெரிய ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் இருப்பதிலேயே நீளமான விளக்கம் இந்தச் சின்ன 'செட்'டுக்குத்தான். உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. "இந்த இடத்தில் அது என்ன வேலை செய்யுது?" என்று தமிழில் கேளுங்கள். அந்தக் கேள்வி போதும்.

கம்பெனி பஸ்ஸில் போகிற தம்பி, தங்கைகளே, புரியாத ஸ்டிக்கரைக் கண்டால் கேளுங்கள். "இது கூடத் தெரியாதா" என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். ஆபரேட்டரிடம் கேளுங்கள், சேஃப்டி ஆபீசரிடம் கேளுங்கள். வெட்கம் ஒரு நாள், விரல் ஆயுசுக்கும்.

கடைசியாக, எல்லோருக்கும் ஒரு சின்னப் பரீட்சை. கீழே நாலு வாக்கியம். ஒவ்வொன்றிலும் ஒரு சொல் இரண்டு தடவை வருகிறது. எங்கே என்ன வேலை செய்கிறது என்று கமெண்ட்டில் எழுதுங்கள். பிள்ளைகள் எழுதினால் எந்த வகுப்பு என்றும் போடுங்கள்.

1. 'கிளீன் த மெஷின் அண்ட் கீப் இட் கிளீன்.'
2. 'ஐ கேன் கேரி த வாட்டர் கேன்.'
3. 'ஹீ லெஃப்ட் ஹிஸ் பைக் ஆன் த லெஃப்ட் சைடு.'
4. 'லாக் த கேட் வித் திஸ் லாக்.'

நாளை மாலை விடைகளைச் சொல்கிறேன். நாலும் சரியாக எழுதுகிற முதல் பள்ளிப் பிள்ளைக்கு என் செலவில் ஒரு நல்ல அகராதி.